மூன்று இருமலும் ஒரு கல்விக் கடனும்

சென்ற மாதம் என் பழைய கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அனுபவம் சொல்ல வரும்படி அழைத்திருந்தார்கள். மாணவர்களுக்குக் கொடுத்த கல்விக் கடனைத் திருப்பி வாங்கும் பிரிவில் இருபத்தொன்பது வருடம் இருந்தவன் நான். இப்போது அந்த வேலையில் பாதியைக் கணினி செய்கிறது. “தவணையைத் தள்ளிப்போட வேண்டும்” என்று தட்டினால் சலிக்காமல், மூக்குச் சிந்தாமல் பதில் சொல்கிறது. அதன் கெட்டித்தனத்தை எனக்குக் காட்டி முடித்த பிறகு ஒரு பிள்ளை கேட்டாள்: “உங்கள் காலத்தில் ஆகக் கஷ்டமாக இருந்த அலுவல் எது?”

“ஓர் இருமல்” என்றேன். “சரியாகச் சொன்னால் மூன்று.”

மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் கோப்பி ஊற்றித் தந்தார்கள். நோர்வேக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவதென்றால் முதலில் கலியாணப் பேச்சு, பிறகு சாதகம், பிறகு மட்டன் ரோல்ஸ் என்று பாடம் நடத்த வேண்டும். எனக்குத் தந்ததோ இருபது நிமிடம். அதனால்தான் முழுக் கதையையும் தமிழில் எழுதுகிறேன்.

எழுத முன் சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் அனுமதி கேட்டேன். பெயர்களை மாற்றச் சொன்னார்கள், மாற்றியிருக்கிறேன். தகப்பன்காரர் பரராசா அண்ணை மட்டும் இன்னொரு நிபந்தனை வைத்தார்.

“என்னைப் பற்றி என்னவும் எழுதும். ஆனால் கோட் சூட்டிலை நல்லா இருந்தனான் எண்டு ஒரு வரி போடும்.”

கோட் சூட்டில் அவர் நன்றாகத்தான் இருந்தார். அந்தக் கடமை முடிந்தது.

நான் நோர்வேக்கு வந்தது வடக்கே ஒரு மக்கள் கல்லூரிக்கு. மொழி படித்து, மீன் வெட்டி, ஒஸ்லோவுக்கு இறங்கி, துப்புரவு வேலை செய்துகொண்டே கணக்கியல் படித்தேன். இந்தக் கதை எங்கள் ஆட்கள் எல்லோருடைய வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என்னுடையதில் மீன் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நானும் கல்விக் கடன் எடுத்துத்தான் படித்தேன். வேலை கிடைத்ததும் கடன் தந்த அதே கந்தோரில். முதல் சம்பளம் வந்த கிழமையே முதல் தவணைக் கடிதமும் வந்தது. அதை உறையில் போட்டவன் என் பக்கத்து மேசைக்காரன். குணரத்தினம் என்ற என் பெயரைச் சனம் “கடன் குணம்” என்று சுருக்கிவிட்டது. இன்றைக்கும் ஒஸ்லோவில் நான் இருக்கும் புருசெத்தில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள்.

என் மேலதிகாரி பெரித் என்ற அம்மையார். மெலிந்து உயர்ந்த உருவம், வருடம் முழுக்க ஒரே பின்னல் மேலங்கி. சரியாகப் பதினொன்றரைக்கு மெழுகுக் கடதாசியை விரித்துப் பழுப்புச் சீஸ் வைத்த பாண் இரண்டு துண்டு சாப்பிடுவார். ஒருநாள் அந்த நேரத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. கடதாசியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் எழுந்தார்.

அவருடைய பிரிவில் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கடிதத்தையும் அனுப்ப முன், எழுதியவர் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே முற்றுப்புள்ளி. வாசித்து முடிந்ததும் கேட்பார்: “இது உன் தங்கைக்கு வந்தால், அவள் இன்றைக்குச் சாப்பிடுவாளா?” சாப்பிடமாட்டாள் என்று தோன்றினால் திரும்ப எழுத வேண்டும். முதல் வரியில் தொகை வரக்கூடாது. கட்ட முடியாவிட்டால் என்ன செய்யலாம் என்பதுதான் முதலில் வர வேண்டும். தவணையைத் தள்ளிப்போடலாம். நோய் வருத்தம், வேலையில்லை என்றால் அந்தக் காலத்து வட்டியையே விட்டுக்கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் எங்கே கேட்டார்கள்? கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். ஒரு வீட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் நாலு நினைவூட்டல் கடிதம் இருந்ததை நானே இழுத்து எடுத்திருக்கிறேன். வட்டி ஏறுவதைப் பிள்ளையாராலும் நிறுத்த முடியவில்லை.

இன்னொருவர் கட்டுவதில் மகா ஒழுங்கு. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு குரோன் கூட்டிக் கட்டுவார், கலியாண வீட்டில் நூற்றொன்று எழுதுவது போல. கணினி உடனே “கூடுதலாகச் செலுத்தியுள்ளீர்கள்” என்று கடிதம் அனுப்பும். ஏதோ பிழை விட்டுவிட்டோம் என்று பயந்து, அவர் அடுத்த முறை பதினொரு குரோன் கூட்டிக் கட்டினார். பெரித் அந்தக் கோப்புடன் என்னிடம் வந்தார்.

“இவர் ஏன் இப்படிச் செய்கிறார்?”

“பூச்சியத்தில் முடிந்தால் எங்கள் ஆட்களுக்குச் சரிவராது.”

அவர் கோப்பை மறுபடி புரட்டினார். “ஆனால் பூச்சியத்தில் முடிப்பதுதானே எங்கள் வேலை?”



பெரித்தின் இரண்டாவது சட்டம் வாய்ப்பூட்டு. ஒருவருக்குக் கடன் இருக்கிறது என்பதையோ இல்லை என்பதையோ, அது கூடவா குறையவா என்பதையோ வேறு எவருக்கும் சொல்லக்கூடாது. அலுவல் இல்லாமல் ஒருவருடைய கோப்பைத் திறக்கவே கூடாது. யார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்பதெல்லாம் பதிவாகும். அப்படித் திறந்தவர் அன்றைக்கே மேசையை ஒதுக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எங்கள் சனத்துக்கு விளங்கவே இல்லை. ஒஸ்லோத் தமிழர் எல்லோருடைய கடனையும் நான் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பதாக நினைத்தார்கள்.

இனிப் பரராசா அண்ணைக்கு வருகிறேன். எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிறார், பஸ் ஓட்டுநர், இரண்டு பெண்பிள்ளைகள். கடன் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. வீட்டுக்கு வங்கியில் எடுத்தது? “அது வீட்டுக் கடன், அது வேறை.” காருக்கு? “அது மாதக் காசு.” மற்றவர்கள் எடுத்தால்தான் அது கடன். சின்னவள் சாருவின் பரத நாட்டிய அரங்கேற்றத்தில் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்து, “ஒரு குரோன் கடன்படாமல் இதைச் செய்து முடிச்சனான்” என்று பேசியவர். சென்னையிலிருந்து மிருதங்கக்காரரை அழைத்திருந்தார். நானும் கை தட்டிவிட்டு மூன்று வகைப் பாயாசம் சாப்பிட்டேன்.

மூத்த மகள் மதுரா மருந்தியல் படித்து மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். பெண்பிள்ளை வெளியே தங்கிப் படிக்கக்கூடாது என்பது அண்ணையின் கொள்கை. ஐந்து வருடமும் வீட்டிலிருந்தே போய் வந்தாள். அவளுக்குத்தான் அருண் என்ற மாப்பிள்ளை பேச்சாகியிருந்தது. துரொண்ட்ஹெய்மில் அறை எடுத்துத் தங்கிப் பொறியியல் படித்த பொடியன். சாதகம் பொருந்திவிட்டது. நாள் வைக்க வேண்டியதுதான் மிச்சம்.

இந்த நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புருசெத் மண்டபத்தில் யாரோ ஒருவருடைய அறுபதாவது பிறந்தநாள். எனக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு வரிசையில் அப்போதுதான் ஒரு மட்டன் ரோல்ஸைக் கடித்தேன். பரராசா அண்ணை பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார்.

“தம்பி, உமக்கு வாய் திறக்கேலாது. தெரியும். நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம். அந்தப் பொடியன் அருணுக்குப் படிச்ச கடன் கனக்க இருக்கெண்டால், சும்மா ஒருக்கா இருமும். நான் விளங்கிக்கொள்ளுறன்.”

“அண்ணை, அப்பிடியெல்லாம்...” என்று தொடங்கினேன். ரோல்ஸுக்குள் இருந்த பச்சை மிளகாய்த் துண்டு நேரே தொண்டைக்குள் போனது. இருமினேன். அண்ணையின் கண் விரிந்தது. மறுபடி இருமினேன். அவருடைய கை நெஞ்சுக்குப் போனது. மூன்றாவது இருமலில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“அட கடவுளே, அழுகிற அளவுக்கோ?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தண்ணீர் குடித்துவிட்டு வாகனத் தரிப்பிடம் வரை ஓடினேன். “அண்ணை, அது ரோல்ஸ்!” என்று கத்தினேன்.

“ஓம் ஓம், ரோல்ஸ்தான், ரோல்ஸ்தான்” என்று ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் காரை எடுத்தார்.

நாலு நாள் கழித்து, புருசெத் நிலக்கீழ் ரயில் மேடையில் மதுரா என்னைப் பிடித்தாள். முகம் வீங்கியிருந்தது.

“அங்கிள், அப்பாவுக்கு என்ன சொன்னனீங்கள்? கலியாணப் பேச்சை நிப்பாட்டிப் போட்டார்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. இருமினனான்.”

“அதைத்தான் அப்பாவும் சொல்லுறார். மூண்டு தரமாம். அருண் உங்கடை கந்தோருக்குக் கிளாகே போடப்போறானாம்.”

கிளாகே என்றால் முறைப்பாடு, மேலிடத்துக்குப் போகும் புகார். பொடியனுடைய கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவனுடைய கோப்பை நான் கண்ணால் கண்டதும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? “கடன் பெரிதில்லை” என்று தகப்பனிடம் சொல்லவும் முடியாது. அதுவும் கோப்பு விவரம் சொன்னதாகிவிடும். பார்த்துச் சொன்னால் வேலை போகும். பேசாமல் இருந்தால் ஒரு பிள்ளையின் கலியாணம் போகும். மதுராவின் கண்ணைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ரோல்ஸால் மனிதனுக்கு இவ்வளவு கேடு வரலாம் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மறுநாள் காலை பெரித்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். வேலையில் வழு நடந்தால் நிரப்பும் படிவம் அது. பேனையைத் திறந்தார்.

“என்ன நடந்தது?”

“இருமினேன்.”

“எத்தனை தரம்?”

“மூன்று.”

எழுதினார். “வேண்டுமென்றா, வேண்டாமலா?”

“வேண்டாமல். மிளகாய்.”

“மிளகாய் பச்சையா, காய்ந்ததா?”

“அது முக்கியமா?”

“படிவத்தில் ‘காரணத்தைத் தெளிவாக விவரிக்கவும்’ என்று இருக்கிறது.”

பச்சை என்றேன். பச்சை என்று எழுதினார். பிறகு அருணின் கோப்பை யார், எப்போது திறந்தார்கள் என்ற பதிவை எடுப்பித்தார். நான் ஒருபோதும் திறக்கவில்லை என்பதை உறுதிப்படுத்தி, அதையும் எழுதினார். பின் எழுந்து நின்று முழுவதையும் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். “மூன்று இருமல்” என்ற இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. அங்கே ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். உதட்டோரம் லேசாகத் துடித்ததை நான் கண்டேன்.

“இருமலைத் திருப்பி வாங்க எங்களால் முடியாது. ஆனால் தன் கடனைப் பற்றித் தான் பேச எவருக்கும் தடையில்லை. அந்த இளைஞன் சம்மதித்தால், தன் விவரத்தைத் தானே எடுத்துக்கொண்டு வரட்டும். மற்றவர்களும் வரட்டும். விளக்கம் சொல்வது எங்கள் வேலை” என்றார்.

அருண் சம்மதித்தான். அடுத்த வியாழக்கிழமை ஆலோசனை அறையில் எல்லோரும் கூடினோம். அருண் முறைப்பாட்டைக் கையிலேயே வைத்திருந்தான். பரராசா அண்ணை சாம்பல் நிறக் கோட் சூட்டில், மேலே சொன்னபடி, நன்றாக இருந்தார். தடித்த கோப்பு ஒன்றைப் பெரித்தின் முன்னால் வைத்தார். பெரித் திறந்து, ராசிக் கட்டம் ஒன்றைக் கவனமாகப் பார்த்தார்.

“இதில் தவணை எங்கே இருக்கிறது?”

“ஆவணம் கொண்டு வாங்கோ எண்டு சொன்னியள். ரெண்டு பேரின்ரை சாதகமும் இருக்கு” என்றார் அண்ணை. நான் மொழிபெயர்த்தேன். பெரித் மரியாதையோடு மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றி, எனக்கு முன்னால் மட்டும் ஓர் இருமல் மிட்டாயை வைத்தார்.

“யார் தொடங்குகிறீர்கள்?”

அருண் கையை உயர்த்தினான். ஆனால் மதுரா முந்திக்கொண்டாள். “நான்.”

“உனக்கென்ன பிள்ளை?” என்றார் அண்ணை. “உனக்கு அரசாங்கம் சும்மா தந்தது. கெட்டிக்காரப் பிள்ளையளுக்குக் குடுக்கிற காசு.”

மதுரா ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அருணும் தன்னுடைய தாளை அதற்குப் பக்கத்தில் வைத்தான். தொகைகளை நான் எழுதமாட்டேன். நான் ஓய்வு பெற்றாலும் வாய்ப்பூட்டு ஓய்வு பெறுவதில்லை. மதுராவுடைய கடன் பெரிது என்று சொல்ல மட்டும் அவளே அனுமதி தந்திருக்கிறாள். சின்னப் பெரிது அல்ல.

அண்ணை இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் இருமுவேனோ என்பது போல.

“ரெண்டு பேரும் ஐஞ்சு வருசம்தானே படிச்சது? இவளுக்கு ஏன் இவ்வளவு?”

பெரித் விளக்கினார். அவர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லும் ஆள் இல்லை. கல்விக் கடன் முதலில் எல்லோருக்கும் கடனாகத்தான் கிடைக்கும். பெற்றோரை விட்டு வெளியே தங்கிப் படித்துச் சோதனையும் பாஸ் பண்ணினால், அதில் நூற்றுக்கு நாற்பது வீதம் வரை திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவிப்பணமாக மாறும். பெற்றோருடன் இருந்து படித்தால் அப்படி மாறாது. முழுவதும் கடன்தான்.

“அப்ப நான் இவளை வீட்டிலை வைச்சிருந்தபடியால்தான்...”

“ஆம்” என்றார் பெரித்.

அண்ணை கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

“வீட்டிலை இருந்து, வீட்டிலை சாப்பிட்ட பிள்ளை. அந்தக் காசை என்ன செய்தனி?”

மதுரா குனிந்துகொண்டே சொன்னாள்: “மாதா மாதம் அம்மாட்டைக் குடுத்தனான். சாருவின்ரை அரங்கேற்றம் வந்தது. அந்த மிருதங்கக்காரருக்கு ஆர் டிக்கெட் போட்டதெண்டு நினைச்சியள் அப்பா?”

எனக்கு அந்த மூன்று பாயாசமும் நினைவுக்கு வந்தன. என்னையறியாமல் வயிற்றில் கை வைத்தேன்.

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே. ஊரிலை எல்லாரின்ரை கடனையும் கேட்டனீங்கள்.”

பரராசா அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். கோபக்காரர், வாய்க்காரர், மேடையில் ஒலிவாங்கியை விடாதவர்; அவரை அப்படி நான் கண்டதில்லை. எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. பிறகு அவர் அருணின் பக்கம் திரும்பினார். குரல் நன்றாகத் தணிந்திருந்தது.

“தம்பி, எங்கடை பிள்ளைக்கு உங்களை விடக் கூடக் கடன் இருக்கு. இனி நீங்கள் வேண்டாமெண்டு சொன்னால் நான் ஒண்டும் சொல்லேலாது.”

“அங்கிள், எனக்கு அது எப்பவோ தெரியும். நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு வருசமா ஒரே அட்டவணையிலை எழுதி வைச்சுத்தானே ரெண்டு கடனையும் கட்டுறம்” என்றான் பொடியன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு விளங்கியது. மதுரா மேசைக்குக் கீழே அவனை உதைத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“ரெண்டு வருசமாவோ?” அண்ணை நிமிர்ந்தார். “போன மாதம்தானே புரோக்கர் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவர்?”

“நாங்கள்தான் அப்பா அவரை உங்களிட்டை அனுப்பினது.”

“அப்ப நான் சாதகம் பாத்தது?”

“பொருத்தம் சரியாத்தானே வந்தது.”

இதையெல்லாம் நான் பெரித்துக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சாதகம், புரோக்கர், உதை எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். பெரித் குறிப்பேட்டில் “கடனாளிகள் இருவரும் கூட்டாகத் திட்டமிடுகின்றனர், நன்று” என்று எழுதிக்கொண்டார்.

அண்ணையோ அடங்கவில்லை. காரை விற்று, வீட்டின் மேல் இன்னும் கடன் எடுத்து, நாளைக்கே மகளின் கடன் முழுவதையும் கட்டப்போவதாகச் சொன்னார். பெரித் தலையை ஆட்டி மறுத்தார். “இந்தக் கடனில்தான் தவணையைத் தள்ளிப்போடலாம், கஷ்டத்தில் வட்டி விலக்கும் கேட்கலாம். வங்கியில் அது கிடைக்காது. ஒழுங்காகக் கட்டி வருபவர் இறந்தால் மிச்சத்தைக் குடும்பத்திடம் கேட்கவும் மாட்டோம். அவசரப்பட வேண்டாம்.”

“செத்தால் கேக்க மாட்டினமோ?” என்று அண்ணை என்னிடம் கேட்டார்.

“கேக்க மாட்டம் அண்ணை.”

“இவ்வளவு மரியாதையான கடன்காரரை நான் காணேல்லை” என்று சொல்லிப் பெரித்துக்குக் கை கொடுத்தார். அருண் முறைப்பாட்டைக் கிழித்தான். பெரித் துண்டுகளைப் பொறுக்கிக் கடதாசித் தொட்டியில் போட்டார், பிளாஸ்டிக் தொட்டியில் அல்ல.

கலியாணம் அந்தக் கோடையிலேயே நடந்தது. சாப்பாட்டில் ரோல்ஸ் இருந்தது, நான் தொடவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் பெரித் என் வழுப் படிவத்தின் பிரதியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தந்தார். “எடுத்த நடவடிக்கை” என்ற இடத்தில் “இருமல் மிட்டாய்” என்று எழுதியிருந்தது. என் வீட்டில் அது பிள்ளையாருக்குப் பக்கத்தில் தொங்குகிறது, பின்னால் அல்ல.

போன ஆவணியில் பரராசா அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். சாருவுக்குத் துரொண்ட்ஹெய்மில் படிக்க இடம் கிடைத்துவிட்டதாம். ஒஸ்லோவிலும் கிடைத்ததாம், ஆனால் அவர் விடவில்லையாம். “வெளியிலை தங்கிப் படிக்கட்டும் தம்பி. நாப்பது வீதம்! ஆர் விடுவினம்?” சாமான் தூக்க ஒரு கை தேவை என்றார், ரயில் நிலையத்துக்குப் போனேன். மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்திருந்தார். சோறு அவிக்கும் மின்சாரப் பானையை என்னிடம் தந்தார். மேடையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கூட அந்த நாற்பது வீதக் கணக்கை விளங்கப்படுத்தினார்.

ரயில் புறப்பட்டது. சாரு கண்ணாடிக்குள்ளிருந்து கை காட்டினாள். அண்ணையும் காட்டினார். கடைசிப் பெட்டி போன பிறகும் கையை இறக்கவில்லை. பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினார், ஒன்று, இரண்டு, மூன்று.

“தடிமன் தம்பி” என்றார்.

“ஓம் அண்ணை” என்று சொல்லி, சட்டைப் பையில் இருந்த இருமல் மிட்டாயை எடுத்துக் கொடுத்தேன்.